எலுமிச்சம்பழம் கேட்காத வண்டி

என் தங்கை மறைந்த பிறகு நான் என் காரின் பின்பெட்டியைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவை வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓரளவுக்கு அது உண்மையும்கூட. தனியாக வாழும் ஒருவன் சந்தையில் வாங்கும் காய்கறி முன் இருக்கையிலேயே அடங்கிவிடும்.

அந்தப் பின்பெட்டிக்குள் அவளுடைய பை இருந்தது. சிகிச்சைக்காக அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாட்களில், ஒருவேளை அங்கேயே தங்கவேண்டி வந்தால் உதவும் என்று, ஒரு மாற்றுடை, துண்டு, சீப்பு, தைலப் புட்டி, படிக்காமலே வைத்திருந்த ஒரு வார இதழ் ஆகியவற்றை அவளே அடுக்கி வைத்திருந்தாள். கடைசியாகச் சென்றபோது அதை இறக்கி எடுத்துக்கொண்டு போகும் அவகாசம் எங்களுக்கு இருக்கவில்லை.

இவ்வாண்டு மழை தொடங்கியதும் வண்டிக்குள் ஈர வாடை வந்தது. பினாங்கின் ஜெலுத்தோங்கில் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோனேன். என் மாணவர்களின் பிள்ளைகள் வயதில் இருந்த ஓர் இளைஞன் பின்பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அங்கிள், போனெட்ல தண்ணி நிக்குது லா. ஸ்பேர் டயரு நீச்சல் பழகுது."

எங்கள் ஊரில் காரைக் காடி என்றும், பின்பெட்டியைப் போனெட் என்றும் சொல்வார்கள். வேறு நாட்டிலிருந்து வருகிறவர்கள் போனெட் என்பதைக் கேட்டுவிட்டு வண்டியின் முன்பக்கத்தைத் திறப்பதும் உண்டு.

"இந்தப் பேக்க எடுத்து வெளிய வைக்கவா?"

"வேண்டாம். நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றேன்.

என் முகத்தில் அவன் எதைப் பார்த்தானோ, குரலைத் தணித்துக்கொண்டான். "கவலப்படாதீங்க அங்கிள். இது நல்ல காடி. தண்ணி பின்னாலதான வருது, எஞ்சினு முன்னால இருக்கு. ஒண்ணும் ஆகாது."

ஏறக்குறைய இதே சொற்களை நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்று அவற்றைச் சொன்னவர் என் அப்பா. கேட்டுக்கொண்டு நின்றவர் என் அம்மா. எனக்கு ஆறோ ஏழோ வயது.

அப்போது நாங்கள் சுங்கை பினாங்கில் குடியிருந்தோம். ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதி. கடல் ஏற்றமும் மழையும் ஒரே வேளையில் வந்துவிட்டால், ஆறு போக இடமின்றி எங்கள் தெருவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரியவர்கள் நாற்காலிகளை மேசைமேல் ஏற்றுவார்கள். நாங்கள் வாசற்படியில் அமர்ந்து, மிதந்து போகும் செருப்புகளில் எது யாருடையது என்று விவாதிப்போம். வெள்ளத்தைப் பற்றி எனக்கிருந்த அறிவு அவ்வளவே.

அப்படியொரு வெள்ள நாளில்தான், நான் சொல்லவிருக்கும் நிகழ்ச்சிக்கு முந்திய ஆண்டில், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற வாடகை வண்டி பாலத்தருகே நின்றுவிட்டது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒன்றும் ஆகாது, இதோ கிளம்பிவிடும் என்று ஓட்டுநர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அப்பா இறங்கி, இடுப்பளவு நீரில் வண்டியைத் தள்ளினாராம். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, பிறக்கவேண்டிய குழந்தை உயிருடன் இல்லை. இதெல்லாம் நான் பின்னாளில் அறிந்தது. அன்று எனக்குச் சொல்லப்பட்ட செய்தி, அம்மாவுக்கு வயிற்றுவலி என்பது. சில நாட்கள் கழித்து வெறுங்கையோடு வீடு திரும்பிய அம்மாவிடம், மருத்துவமனையில் ரொட்டி கொடுத்தார்களா என்று நான் கேட்டதாக நினைவு.

அப்பா கார் வாங்கியது அதன் பிறகுதான். ஊர் மாறிப்போன ஒரு பள்ளித் தலைமையாசிரியரிடமிருந்து வாங்கிய பழைய இங்கிலாந்து வண்டி. சாம்பல் நிறம். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பாவின் தகுதிக்கு அது சற்று மிஞ்சிய பொருள். ஆனால் அவர் அதில் அலுவலகம் போகவில்லை. எப்போதும்போல மிதிவண்டியில்தான் போனார். காரை வீட்டு வாசலில், கோணிப்பை விரித்த இடத்தில் நிறுத்திவைத்து, ஒவ்வொரு காலையும் எஞ்சினை முடுக்கி, தலையைச் சாய்த்து அதன் ஓசையைக் கேட்டுவிட்டு அணைப்பார். அப்போது அவர் முகத்தில், கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பவரின் கவனம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பார்த்துக்கொண்டே பல் துலக்குவார்.

"ஊருல எல்லாரும் காடி வாங்குனா ஓட்டுவாங்க" என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஒங்கப்பா வாங்கி, மாமனார் மாதிரி வாசல்ல ஒக்கார வச்சிருக்காரு."

நான் அதை அப்படியே அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நம்ம காடி எப்ப ஓடணுமோ அப்ப ஓடும். இது கைவிடாத காடி" என்றார். வீட்டுக்கு வருகிற எவரிடமும் அதைச் சொல்வார். தபால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

அப்பா சீர்திருத்தக் கொள்கை உடையவர். அவருடைய திருமணமே ஐயர் இல்லாமல் நடந்தது. ஜாதகம், நல்ல நேரம், திருஷ்டி ஆகியவற்றைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் அவர் பேசும்போது கைதட்டல் எழும். அம்மாவோ சமையலறை அலமாரியின் மேல்தட்டில் முருகனை வைத்திருந்தார். இருவருக்கும் இடையே ஓர் உடன்பாடு நிலவியது. அப்பா அந்த அலமாரியை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அம்மா அந்தக் கூட்டங்களைப் பற்றிக் கேட்பதில்லை.

கார் வந்த அன்று மட்டும் அம்மா அந்த உடன்பாட்டை மீறினார். கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வரலாமே என்று கேட்டார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

"இது இரும்பு. எண்ணெ கேக்கும், தண்ணி கேக்கும். எலுமிச்சம்பழம் கேக்காது."

இந்த வாசகம் எங்கள் தெருவில் வெகுநாள் புழங்கியது. அம்மாவின் தம்பியான என் மாமா, பேருந்து நடத்துநர், அடுத்த தெருவில் குடியிருந்தவர், எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாசலில் நின்று, "என்ன, காடி இன்னிக்கி ஏதாச்சும் கேட்டுச்சா?" என்று விசாரிப்பார். அம்மா மட்டும் அதற்குச் சிரித்ததில்லை.

சில மாதங்களில் காரின் பின்பெட்டியில் ஒரு பிரம்புக் கூடை குடியேறியது. மூடியிட்ட, கைப்பிடி வைத்த கூடை. எதற்கு என்று கேட்டேன். "நாமெல்லாம் கேமரன் மலைக்குப் போகப்போறோம்" என்றார் அப்பா. எப்போது என்றேன். "அம்மா சொல்றப்ப" என்றார். அம்மா மறுபடியும் கருவுற்றிருந்தார் என்பதையோ, முன்பு நடந்ததை நினைத்து அதைப் பற்றி வீட்டில் எவரும் வாய்திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள் என்பதையோ எனக்கு யார் சொல்வார்கள்? நான் பள்ளியில் எல்லோரிடமும் மலைப்பயணத்தைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தேன். அங்கே குளிரில் வாயிலிருந்து புகை வரும் என்பதால், கண்ணாடி முன் நின்று வாயைக் குவித்து ஊதிப் பழகவும் செய்தேன்.

பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், கூடையிலுள்ள துணிகளுக்கு வெயில் காட்டலாம் என்று அம்மா பின்பெட்டியைத் திறந்தார். கூடையின் அடிப்பாகம் தண்ணீரில் நின்றது.

துணிகளை எல்லாம் கொல்லைக் கொடியில் உலர்த்தினார். அம்மாவின் கைலிகள், துண்டுகள், ஒரு கம்பளிச் சால்வை. அவற்றோடு, அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துச் செய்த சதுரத் துண்டுகள் வரிசையாகத் தொங்கின. குழந்தை பிறக்கும்முன் அதற்கென்று புதிதாக எதையும் வாங்கக் கூடாது என்பது எங்களவர்களிடையே இன்றும் உள்ள வழக்கம். அதனால்தான் பழைய வேட்டி.

"கேமரன் மலைக்குக் கிழிஞ்ச துணி எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"காடி தொடைக்க" என்றார் அம்மா.

காரைத் துடைக்கும் துணியை வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, இஸ்திரியும் போட்டு மடித்து வைக்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று மாலை அப்பா வந்ததும் அம்மா அவரோடு நேரடியாகப் பேசவில்லை. மிகுந்த வருத்தத்தில் இருக்கும்போது அவர் என் வழியாகத்தான் பேசுவார்.

"ஒங்கப்பாகிட்ட சொல்லு. காடிக்குள்ள தண்ணி பூந்திருக்கு."

"தண்ணி வந்தது பின்னால" என்றார் அப்பா, என்னைப் பார்த்து. "எஞ்சினு இருக்கிறது முன்னால. நடுவுல நாம ஒக்காந்திருக்கோம். நம்மளத் தாண்டி அது எப்படிப் போகும்? ஒண்ணும் ஆகாது."

"போன வருசம் டாக்சிக்காரனும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னான்னு சொல்லு."

நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. அப்பா மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைகால் கழுவப் போனார். அன்று அவர் வெகுநேரம் கழுவினார்.

அடுத்த நாளே காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த சீனர் பின்பெட்டி மூடியைச் சுற்றியிருந்த ரப்பரை உரித்துவிட்டுப் புது ரப்பர் ஒட்டி, "சூடா பாகுஸ்" என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்பது அதன் பொருள். மழை வந்தது, தண்ணீரும் வந்தது. மறுபடி போனார். பின் விளக்குகளைக் கழற்றி, சுற்றிலும் தார் பூசி, மறுபடியும் சூடா பாகுஸ். மழை அதையும் மதிக்கவில்லை. இதற்கிடையே தபால்காரரிடம் அப்பா பேசுவது குறைந்துபோனது. காலையில் எஞ்சினை முடுக்கி அதன் ஓசையைக் கேட்கும் நேரம் மட்டும் நீண்டுகொண்டே போனது.

அம்மா முடிவு செய்துவிட்டார். புக்கிட் மெர்தாஜாமில் அவருடைய அக்காவின் வீடு, அங்குள்ள மருத்துவமனைக்கு நடந்தே போகும் தூரத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை பெரியப்பா வந்து, எங்கள் தீவிலிருந்து ஃபெர்ரியில் அக்கரைக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. திரும்பி வருவது எப்போது என்பதை எவரும் சொல்லவில்லை. என் வழியாகச் சொல்லப்பட்ட கடைசிச் செய்தி, "தண்ணி பூர்ற காடிய நம்பி என்னால இருக்க முடியாதுன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு" என்பது. அம்மா அந்த வீட்டை விட்டுப் போவது காரின்மேல் எழுந்த ஐயத்தால் மட்டும் அல்ல என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். எனக்கோ, மலைப்பயணம் ரத்தாகிறது என்பது மட்டும் உறைத்தது. அதற்காக அழுதேன். அம்மாவைப் பிரிவதற்காக அழுகிறேன் என்று எண்ணி எல்லோரும் என்னைத் தேற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வந்தார். அம்மாவின் துணிமூட்டையைப் பார்த்தார், வாசலில் காரைப் பார்த்தார், காரருகே நின்ற அப்பாவைப் பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"வெளிய நின்னு தேடுனா ஆயிரம் வருசம் ஆனாலும் கெடைக்காது மச்சான்" என்றார். "உள்ள ஒரு ஆள ஒக்கார வச்சு மூடணும். நாம மேல தண்ணி ஊத்தணும். எங்க ஒழுவுதுன்னு அவன் பாத்துச் சொல்லணும்."

"உள்ள யாரு ஒக்கார முடியும்? நீயா?"

மாமாவின் வயிறு ஊரறிந்தது. அவர் என்னைப் பார்த்தார். "டேய், நீதான் ஆளு. வா."

அம்மா வாசலுக்கு வந்துவிட்டார். "புள்ளைய உள்ள வச்சுப் பூட்டுவியா? மூச்சு முட்டிப் போயிரும்!"

"முட்டாதுக்கா. எங்கயோ ஓட்ட இருக்குன்னுதான தேடுறோம்? அது வழியா காத்து வரும்."

மறுப்பதற்கு அம்மா சொல் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் உள்ளே ஏறிப் படுத்துவிட்டேன். காரைச் சரிசெய்துவிட்டால் மலைக்குப் போகலாம் என்பது என் கணக்கு. அப்பா டார்ச் விளக்கை என் கையில் கொடுத்து, எப்படி அணைப்பது என்று காட்டி, சாவியைத் தன் விரல்களுக்கிடையில் இறுகப் பிடித்துக்கொண்டு மூடியை இறக்கினார்.

உள்ளே ரப்பர் வாடை, எண்ணெய் வாடை, ஊறிய கோணியின் வாடை. முழங்கால் மோவாயைத் தொட்டது. எனக்கு நேர் மேலே இரும்பின்மீது அப்பாவின் உள்ளங்கை அழுந்தியிருந்தது. அவர் விரல்களால் மெல்லத் தட்டினார்.

"பயமா இருக்காய்யா?"

"இல்லப்பா."

"இங்கதான் நிக்கிறேன். கையெடுக்க மாட்டேன்."

"டார்ச்ச அணைடா" என்று மாமாவின் குரல் தூரத்தில் கேட்டது. "மொதல்ல வெளிச்சம் எங்கருந்து வருதுன்னு பாரு."

அணைத்தேன். இருட்டு கண்ணுக்குப் பழகியதும், மூடியின் பின்சரிவில், அருகருகே இரண்டு சிறு வெளிச்சங்கள் தெரிந்தன. எறும்பு நுழையும் அளவு. உற்றுப் பார்த்தபோது அவை வட்டமாக இல்லை, பிறைபோல இருந்தன. திருகாணிக்கும் அதன் துளைக்கும் இடையில் எஞ்சிய இடைவெளி அது என்பது இப்போது புரிகிறது. பிறகு தலைக்குமேல் குழாய்த் தண்ணீர் விழும் ஆரவாரம். பிறைகள் இரண்டும் மங்கின. ஒன்றில் ஒரு துளி திரண்டு, தயங்கி, என் முழங்காலில் விழுந்தது. அடுத்து மற்றொன்றில்.

"இங்க! இங்க ஒழுவுது!" என்று கத்தினேன். வெற்றிக் களிப்பில் கத்தினேன். அதை அபயக் குரல் என்று எடுத்துக்கொண்டு அம்மா கத்த, அப்பா அவசரத்தில் சாவியைத் துளையில் செருக முடியாமல் தடுமாறி, ஒருவழியாகத் திறந்தார்.

நான் விரலால் தொட்டுக் காட்டினேன். மாமா வெளிப்பக்கமாக வந்து குனிந்து பார்த்தார். "பின்னால நம்பர் பிளேட்டுல்ல இருக்கு அங்க" என்றார். "இந்தப் பிளேட்டுக்குப் பின்னாலதான் சங்கதி."

அப்பாவின் முகம் மாறியது. "அது பழைய ஓட்டயா இருக்கும். உள்பக்கமா மெழுகு வச்சு அடைச்சிரலாம். பிளேட்டக் கழட்ட வேணாம்."

"வெளிய ஓட்டய வச்சுக்கிட்டு உள்ள மெழுகு வச்சா நிக்குமா மச்சான்? ரெண்டு ஆணி, ரெண்டு நிமிசம்."

"வேணாம் தம்பி. விட்டுரு."

"அட, சும்மா இருங்க."

மாமாவின் திருப்புளி அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. எண்பலகை கையோடு வந்தது. அதன் பின்னால், காரின் உடம்போடு ஒட்டி, உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு இருந்தது. கட்டங்கள், கோடுகள், நடுவில் வேல். இரண்டு மூலைகளில் திருகாணி. மழைநீர் வழிந்த இடங்களில் செம்பு பச்சை பூத்திருந்தது. பலகையின் பழைய துளைகள் தகட்டுக்குப் பொருந்தாததால், யாரோ துளைபோடத் தெரியாத ஒருவர் கார் இரும்பில் புதிதாக இரண்டு துளைகள் போட்டிருந்தார். துளைகள் பெரிது, ஆணிகள் சிறிது.

மாமா தகட்டையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். அவரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. "மச்சான்" என்றார், "இது எலுமிச்சம்பழம் கேக்காத காடியில்ல?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா தகட்டைக் கழற்றி, புரட்டிப் பார்த்தார். "புக்கிட் மெர்தாஜாம் கோயில்ல மந்திரிச்சுக் குடுக்கிற தகடு மாதிரியில்ல இருக்கு" என்று முணுமுணுத்தார்.

அம்மா படியிறங்கி வந்தார். மாமாவின் கையிலிருந்து தகட்டை வாங்கினார். நான் இடையில் நிற்கத் தேவையின்றி, பல நாட்களுக்குப் பிறகு, அப்பாவிடமே பேசினார்.

"காடி வாங்குன புதுசுல, ஒரு ஞாயித்துக்கெழம, டயர் வாங்கணும்னு ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போனீங்களே."

"ஆமா."

"டயர் எங்க?"

"கெடைக்கல."

மாமாகூட அப்போது சிரிக்கவில்லை.

"நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா, நம்ம கோயில்லயே வாங்கியிருக்கலாமே. எதுக்கு இத ஒளிச்சு வச்சீங்க?"

அப்பா அம்மாவின் கையிலிருந்த தகட்டைப் பார்த்தார். பிறகு, "நீ கேட்டப்ப நான் சிரிச்சிட்டேனே" என்றார்.

அம்மா முந்தானையால் தகட்டைத் துடைத்தார். பச்சை போகவில்லை. கண்களில் ஒற்றிக்கொண்டார். இத்தனை காலமாகக் கைவிடாத காடி, கைவிடாத காடி என்று அப்பா சொன்னபோதெல்லாம், தான் ஒருத்தி மட்டுமே அஞ்சிக்கொண்டிருப்பதாக அம்மா நினைத்திருந்தார். என் தங்கையிடம் அவர் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொன்னதில்லை.

"திருப்பி மாட்டுங்க" என்றார் அம்மா. "ரப்பர் வச்சு, தண்ணி போகாம மாட்டுங்க."

பிறகு தம்பியிடம் திரும்பி, "நீ அக்கா வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிரு. அத்தான் வரவேணாம்னு" என்றார்.

பழைய மிதிவண்டி டியூபிலிருந்து அப்பா இரண்டு சிறு வட்டங்களை வெட்டினார். முன்பு மறைத்துச் செய்ததைத் தெருவே பார்க்க, இம்முறை பொறுமையாகச் செய்தார். பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்க வந்தவர், அப்படியே நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். எண்பலகை மறுபடியும் தகட்டின்மேல் ஏறியது. அதன் பிறகு அந்தப் பின்பெட்டியில் ஈரம் இறங்கவில்லை. பிரம்புக் கூடை தன் இடத்துக்குத் திரும்பியது.

சில வாரங்களில், மழை கொட்டிய ஒரு நண்பகலில், அந்த வண்டி முதல் முடுக்கிலேயே கிளம்பி, பாலத்தருகே தேங்கிய நீரைக் கடந்து, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. என் தங்கை பிறந்தாள். தகட்டினாலா, எஞ்சினாலா, அன்று ஆறு ஓர் அடி குறைவாக ஏறியதாலா என்று அப்பா எந்தக் கூட்டத்திலும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. கேமரன் மலைக்கு நாங்கள் போகவே இல்லை.

அவளுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். சிகிச்சைக்குப் போகும் வழியில், பாலத்தருகே நெரிசலில் நிற்கும்போது, "அண்ணே, அந்தப் போனெட்டு கதையச் சொல்லுங்க" என்பாள். அவளுக்குத் தெரியாத ஒரு சொல்லும் அதில் இல்லை. டயர் எங்க என்று அம்மா கேட்கும் இடத்தில், எனக்குமுன் அவளே "கெடைக்கல" என்று சொல்லிச் சிரிப்பாள். பிறகு மூச்சு வாங்கும். நான் வண்டியை மெதுவாக ஓட்டுவேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையின் கடைசிப் பகுதியை நான் அவளுக்குச் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் நிகழவில்லை.

அப்பா திருப்புளியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது மழை மறுபடியும் தூறத் தொடங்கியது. அம்மா வீட்டுக்குள் போகவில்லை. காரின் முன்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டார். அப்பா ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, மறுபுறமாக வந்து ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். பயணம் தொடங்கிவிட்டது என்று எண்ணி, நான் ஓடிவந்து பின்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

மழை வலுத்தது. கண்ணாடிகள் எல்லாம் மறைந்து, தெரு காணாமல் போயிற்று. கூரையில் மழை அறைந்தது. உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை. அப்பாவின் இரு கைகளும் சக்கரத்தைப் பிடித்திருந்தன. சாவியைத் திருப்பவில்லை. அம்மா வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, நேர் எதிரே, ஒன்றும் தெரியாத கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து, மற்றொரு கையை அப்பாவின் கைமேல் வைத்தார். எங்கள் வீட்டில் நான் அதற்குமுன் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

"அப்பா, ஏன் ஸ்டார்ட் பண்ணல?" என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். "இருய்யா" என்றார் அம்மா, திரும்பாமல்.

வண்டி ஏன் புறப்படவில்லை என்பது ஒன்றே என் கவலை. மழை விட்டால் போகலாம் என்று நானே முடிவு செய்துகொண்டு, கண்ணாடியில் வாயைக் குவித்துப் புகை ஊதிப் பார்த்தேன். யார் எங்கே உட்கார்ந்துகொண்டு மலைக்குப் போவது என்று திட்டமும் போட்டேன். பின்னிருக்கை முழுவதும் எனக்கு ஒருவனுக்கே என்பதில் எனக்கு மிகுந்த நிறைவு. அந்த வண்டிக்குள் நாங்கள் மூன்று பேர் மட்டுமே இருக்கிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.